காசைச் சொல்லிவிட்டுக் காரணம் கேளுங்கள்

ஏ லெவல் முடிவுகள் வந்த நாளிலிருந்து மே மாதக் கடைசி வரை சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது, எதை எடுக்கப் போகிறது, ஏன் அதை எடுக்கிறது. கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், தேக்கா சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும்வரை நிற்கும்போது கேட்பார்கள், மின்தூக்கியில் பத்து மாடி ஏறுவதற்குள் கேட்பார்கள். பெற்றோரிடம் பதிலும் தயாராக இருக்கும். உலகத் தரவரிசையில் எட்டாவது இடம். முடித்த கையோடு வேலை. அதிபர் தர்மன் படித்த இடம். எல்லாமே நல்ல பதில்கள்தான். ஆனால் எவ்வளவு ஆகும், அதை யார் கட்டப் போகிறார்கள், அந்தக் கணக்கு தெரிந்துதான் பிள்ளை முடிவெடுத்ததா என்பதை மட்டும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இது எனக்கு நெடுநாள் உறுத்தல். போன ஆண்டு என் அண்ணன் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, இதைப் பேசாமல் இருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அண்ணன் மகளுக்குப் பொருளியல் படிக்க இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று நம்முடைய என்யுஎஸ், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். இன்னொன்று லண்டனில் இருக்கும் எல்எஸ்இ, லண்டன் பொருளியல் கல்லூரி. உபகாரச் சம்பளத்துக்கும் முயன்றாள், நேர்முகம் வரை போனாள், கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள். "என்யுஎஸ்ஸே போதும் அத்தை. அங்க நாலு வருஷம், இன்னும் ஆழமாப் படிக்கலாம். ரேங்கிங்கும் அதுக்குத்தான் மேல." அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அண்ணி மட்டும் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். நான் படித்த இடத்தைத்தானே அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஆனால் உயர்நிலை மூன்றிலிருந்து அந்தப் பெண் லண்டனைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். பொருளியல் என்ற பாடத்தை அவள் விரும்பியதே அந்தக் கல்லூரியைப் பற்றிப் படித்த பிறகுதான். திடீரென்று "போதும்" என்கிறாள் என்றால், ஏதோ ஒன்று அவளை அப்படிச் சொல்ல வைத்திருக்கிறது.

தரவரிசையை வைத்து எதையும் சொல்லலாம்

முதலில் அவள் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொள்வோம். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ் பட்டியலில் என்யுஎஸ் சில ஆண்டுகளாக எட்டாம் இடத்தில் இருக்கிறது. எல்எஸ்இ ஐம்பதை ஒட்டி நிற்கிறது. இதைப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எல்எஸ்இயில் மருத்துவம் கிடையாது, பொறியியல் கிடையாது, ஆய்வுக்கூட அறிவியல் கிடையாது. 1895-இல் தொடங்கிய நாளிலிருந்து சமுதாய அறிவியலுக்கென்றே இருக்கும் இடம் அது. எல்லாத் துறைகளையும் சேர்த்து எடைபோடும் பட்டியலில் அது கீழே போவது இயல்பு. பொருளியல், அரசியல் என்று துறைவாரியாகப் பிரித்த பட்டியலை எடுத்தால் உலகின் முன்வரிசையில் இருக்கும். அதே நிறுவனம் போடும் பட்டியல்தான் இரண்டும். என்யுஎஸ்ஸுக்கு அனுப்ப விரும்பும் அப்பா முதல் பட்டியலைக் காட்டலாம், லண்டனுக்கு அனுப்ப விரும்பும் அம்மா இரண்டாவதைக் காட்டலாம். யார் சொல்வதும் பொய்யில்லை.

அந்தப் பட்டியல் எப்படிப் போடப்படுகிறது என்று பெற்றோர் பலர் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணில் 30 விழுக்காடு, மற்றப் பல்கலைக்கழகங்களின் கல்வியாளர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்பு. 15 விழுக்காடு, முதலாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்பது. 20 விழுக்காடு, ஆசிரியர்களின் ஆய்வுகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது. ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு 10 விழுக்காடு. பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் பருவத்தில் ஒரு கட்டுரையை எழுதிக் கொடுத்தால் அதை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்துவார்களா என்பதற்கு இந்தக் கூட்டலில் இடமே இல்லை.

வேலை, சம்பளம் என்ற காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2024-இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் முடித்து முழுநேர வேலையில் சேர்ந்தவர்களின் இடைநிலைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துக்கு இந்த எண் முக்கியம்.

பெயர் என்ற காரணத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். "பேருக்காகப் போறான்" என்று நம் ஆட்கள் இளக்காரமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. இந்த ஊரில் சிறுபான்மையினராக இருப்பவர்களுக்குப் பெயர் என்பது பயன்படும் பொருள். நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும் தமிழ்ப் பையன், தான் எப்படிப்பட்டவன் என்று முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் காகிதத்தில் இருந்தால் அந்த விளக்கத்தில் பாதி குறைகிறது. அந்தப் பெயருக்காகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது நேர்மையான காரணம்.

எனக்கு ஏன் என்யுஎஸ்

நான் 1990-களில் என்யுஎஸ்ஸின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் படித்தேன். அப்போது உள்ளூரில் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்தான், என்யுஎஸ்ஸும் என்டியு என்ற நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும். நான் படிக்க நினைத்த பாடம் என்யுஎஸ்ஸில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் பணம். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். பெற்றோரின் மத்திய சேமநிதியிலிருந்து பிள்ளையின் கட்டணத்தைக் கட்டலாம் என்ற திட்டம் 1989-இல் வந்திருந்தது. உள்ளூரில் படித்தால்தான் அந்தப் பணத்தை எடுக்க முடியும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஒரு காசு எடுக்க முடியாது, இன்றைக்கும் அப்படித்தான். அப்பா படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இது என் கடைசிக் காலத்துக் காசும்மா. இவ்வளவு எடுக்கிறேன். நீ முடிச்சு ஒரு வருஷத்துல இருந்து வட்டியோட திரும்பக் கட்டணும். கட்டுவியா?" கட்டுவேன் என்றேன். கட்டினேன். மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து ரொக்கமாக அப்பாவின் கணக்குக்குப் போனது. அந்தப் பேச்சை நான் சுமையாக நினைத்ததே இல்லை. என்னைப் பெரிய மனுஷியாக மதித்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். என்யுஎஸ்ஸுக்கு ஏன் போனாய் என்று யார் கேட்டாலும் என்னால் மறைக்காமல் சொல்ல முடிந்தது: அங்கே போகத்தான் எங்களிடம் காசு இருந்தது.

போன பிறகு வேறு காரணங்கள் சேர்ந்தன. அந்த மேடு பள்ளமான வளாகத்தில் மழைக்கு நனையாமல் ஒரு விரிவுரைக் கூடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. தமிழ்ப் பேரவை நண்பர்களோடு ஒத்திகை பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியதும் அங்கேதான். பேரவையின் 'சங்கே முழங்கு' மேடை நிகழ்ச்சியை இன்றைக்கும் போய்ப் பார்க்கிறேன்.

அந்த இடத்தின் வரலாறும் என்னைப் பிடித்துக்கொண்டது. 1905-இல் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1949-இல் மலாயாப் பல்கலைக்கழகமாகி, 1980-இல் சீனச் சமூகம் கட்டிய பழைய நன்யாங் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய என்யுஎஸ் ஆனது. நன்யாங்கைக் கட்ட டான் லார்க் சை போன்ற செல்வந்தர்கள் மட்டுமல்ல, டிரைஷா ஓட்டியவர்களும் தங்கள் கூலியைக் கொடுத்தார்கள் என்று சீன நண்பர்கள் சொல்லும்போது அவர்கள் குரலே மாறும். நமக்கும் அப்படி ஒன்று உண்டு. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய தமிழவேள் கோ. சாரங்கபாணி போராடினார். அந்தத் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கூலித் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிப்பார்களா என்று தெரியாமலே கொடுத்தார்கள். அந்தத் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டது, நூல்களும் போய்விட்டன. ஆனாலும் பல்கலைக்கழகம் என்பது வேறு யாருடைய இடமோ இல்லை, நாமும் காசு போட்ட இடம் என்ற உணர்வு எனக்கு அந்தக் கதையிலிருந்துதான் வந்தது. அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதன் 1954-இல் சமூகப்பணிப் பட்டயம் வாங்கியதும் அந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான். தர்மன் படித்த இடம் என்று எல்எஸ்இயைச் சொல்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அண்ணன் மகள் என்யுஎஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று என்னைவிட விரும்பியவர் யாரும் இல்லை. அதனால்தான் அவள் சொன்ன பதில் பொய்யாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில்

அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அவகிட்ட காசு விஷயம் பேசினீங்களா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளைகிட்டப் போய் காசைப் பத்திப் பேசுவாங்களா? நீ படி, காசைப் பத்தி நீ கவலைப்படாதேன்னுதான் சின்ன வயசுலேருந்து சொல்லியிருக்கேன்."

நம் வீடுகளில் அன்பாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. துணைப்பாடத்துக்கு அனுப்பும்போது சொல்வோம், பியானோ வகுப்புக்குப் பணம் கட்டும்போது சொல்வோம். பிள்ளை கவலைப்படாமல் இருந்துவிடுமா? அதற்குக் கண் இருக்கிறது. அப்பா விடுமுறை நாளிலும் கூடுதல் நேர வேலைக்குப் போவது தெரிகிறது. கார் வாங்கவே இல்லை என்பது தெரிகிறது. தீபாவளிக்கு அம்மா புதுச் சேலை எடுக்காதது தெரிகிறது. தொகையை நாம் சொல்லாததால் அது தானாகவே ஒரு தொகையை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்துக்குள் அடங்குகிற மாதிரி தன் ஆசையையும் வெட்டிக்கொள்கிறது. அப்புறம் நம் மனம் நோகக் கூடாதே என்று, தரவரிசையை ஒரு காரணமாகச் சொல்கிறது. நாமும் பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சிந்திக்கிறது என்று பூரித்துப்போகிறோம். இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. அப்பாவிடம் நிறைய இருக்கிறது என்று நம்பி வெளிநாடு போன பிள்ளைகள், வீட்டை விற்றுத்தான் தன்னைப் படிக்க வைத்தார்கள் என்று பல ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டு கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணி என் பக்கம் நின்றார். அவர் சொன்ன பிறகுதான் அண்ணன் இறங்கி வந்தார். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு அண்ணன் கைப்பேசியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறந்தார். சேமநிதிக் கணக்கு, வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக் காட்டினார். மூன்று ஆண்டுக்கு முன் பெரிய வீட்டை விற்று நாலறை வீட்டுக்கு மாறியபோது கையில் ஒரு தொகை மிஞ்சியிருந்தது. அதை அவர் தொடவே இல்லை. பிறகு ஒரு தாளில் எழுதினார். என்யுஎஸ் என்றால் குடிமக்களுக்கான கட்டணம் ஆண்டுக்கு எட்டாயிரம் வெள்ளியைத் தாண்டும், நாலு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் முப்பத்தைந்தாயிரத்துக்குள், சேமநிதியிலிருந்தே கட்டிவிடலாம். லண்டன் என்றால் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். தங்குவது, சாப்பிடுவது, விமானச் செலவு எல்லாம் சேர்த்து மூன்று ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வெள்ளியை நெருங்கும். "அனுப்பணும்னா அனுப்பலாம். ஆனா அதுக்கப்புறம் கையில மிஞ்சுறது இவ்வளவுதான். உன் தம்பி இருக்கான். எங்களுக்கும் வயசாகுது."

அவள் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் இதுல கால்வாசிகூட இருக்காதுன்னு நெனச்சேன்ப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இல்லாத ஒரு வறுமையை வைத்து அந்தப் பெண் இரண்டு மாதமாகத் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணனால் எதுவும் பேச முடியவில்லை. காசைச் சொல்லாமல் மறைத்ததில் எந்தக் கெட்ட எண்ணமும் அவரிடம் இல்லை. பிள்ளையைப் பாரமில்லாமல் வளர்க்க நினைத்தார், அவ்வளவுதான்.

அவள் சொன்ன காரணங்கள்

சில நாள் கழித்து என்னை அழைத்தாள். இந்த முறை தரவரிசை பேச்சிலேயே வரவில்லை. "அத்தை, பேருக்கும் ஆசைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு மற்றவை வந்தன. அங்கே பெரிய விரிவுரையோடு சேர்த்து, பதினைந்து பேர் அளவில் உட்கார்ந்து பேசும் வகுப்புகள் உண்டு. மாணவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். தன் தொடக்கக் கல்லூரி வகுப்பில் பாதிப் பேர் என்யுஎஸ்ஸுக்குத்தான் போகிறார்கள். "ஆரஞ்சு வகுப்பு, நீல வகுப்புன்னு தொடக்கப்பள்ளியிலேருந்து என்னை ஒரு இடத்துல வச்சுப் பார்த்தவங்களோடயே திரும்பவும் நாலு வருஷமா? நான் யாருன்னே தெரியாதவங்க நடுவுல உட்கார்ந்து, நான் சொல்ற கருத்து நிக்குதான்னு பார்க்கணும்."

நான் என் பக்கத்தைச் சொல்லாமல் விடவில்லை. என்யுஎஸ்ஸில் ஒரு பருவம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்று மாணவராகப் போகலாம், அப்போதும் என்யுஎஸ் கட்டணத்தைத்தான் கட்டுவாய் என்றேன். முன்னாள் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ முதலில் இங்கே ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்து, வேலை பார்த்து, பிறகுதான் எல்எஸ்இ போனார், நீயும் மேற்படிப்புக்குப் போகலாமே என்றேன். நீ ஆராய நினைப்பதெல்லாம் நம் ஊர் முதியவர்களின் சேமிப்பு, அதற்கான தரவும் ஆசிரியர்களும் இங்கேதானே இருக்கிறார்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க சொல்றது எல்லாம் சரி அத்தை. ஆனா அது என் ரெண்டாவது ஆசைக்கு நல்ல காரணம்."

லண்டனையே எடுத்தாள். இன்றைக்கும் நான் அவளுடைய இடத்தில் இருந்தால் என்யுஎஸ்ஸைத்தான் எடுப்பேன். இரண்டரை லட்சத்துக்கு ஈடான வித்தியாசம் இளங்கலைப் படிப்பில் இருக்கிறது என்று என்னை யாராலும் நம்பவைக்க முடியாது. ஆனால் அவளுடைய முடிவில் எனக்குக் குறை இல்லை. தொகை தெரிந்து, அதில் யாருக்கு என்ன குறைகிறது என்று தெரிந்து எடுத்த முடிவு அது. அப்பாவிடம் அவளே நிபந்தனை போட்டாள். கட்டணம் அப்பாவுடையது. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு பகுதியை அவள் பெயரில் வங்கியில் கல்விக் கடனாக எடுப்பது, அண்ணன் உத்தரவாதம் தருவது, வேலைக்குப் போனதும் அவள் கட்டுவது. கல்விப் பருவத்தில் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம் என்பதையும் கேட்டு வைத்திருந்தாள். அந்தத் தாளில் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி அதற்கு மதிப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று ஒரு உறவினர் சொன்னார். அதை நான் ஏற்க மாட்டேன். ஆங்கிலம் பேசும் நாட்டில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளம் வாங்கினால் திரும்பி வந்து ஆறு ஆண்டு வேலை செய்ய வேண்டும். அதுவும் விலைதான். அதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

தம்பிக்காரன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. அடுத்து தேசிய சேவை, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம். அவனையும் அண்ணன் உட்கார வைத்து, அக்காவுக்குப் போனது போக உனக்கென்று இருப்பது இவ்வளவு என்று காட்டிவிட்டார். அவன் அலட்டிக்கொள்ளவில்லை. என்டியுவில் பொறியியல் படிக்கப் போகிறானாம். ஏன் என்று கேட்டேன். "எங்க கூட்டாளிங்க நாலு பேரும் அங்கதான் அத்தை போறோம். ஹாஸ்டல்ல ஒண்ணா இருக்கணும்" என்றான். அண்ணன் முகத்தைச் சுளித்தார். நான் அவனிடம், சேமநிதிப் படிவம் எப்படி இருக்கும், எப்போதிலிருந்து திரும்பக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் விளக்கிச் சொன்னேன்.